இங்கிலீஷ் பழமொழி எப்டி கத்துக்கிறது: வேலூர் பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

இது யாருக்குன்னா, வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்ம பழைய வட ஆற்காடு பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு, இப்ப காலேஜ்லயோ ஷூ கம்பெனியிலயோ ஆஸ்பத்திரி ரிசப்ஷன்லயோ இங்கிலீஷ் பேசியே ஆகணும்ன்ற நிலைமையில இருக்கிறவங்களுக்கு. கிராமர் ஓரளவுக்கு வந்துடுது, வார்த்தையும் கொஞ்சம் கொஞ்சமா சேந்துடுது, ஆனா எதிர்ல பேசுறவர் நடுவுல ஒரு பழமொழிய போட்டார்னா அங்கயே நின்னுடுறோம். ரோம், கோழி, பாலம், குதிரைன்னு எல்லாம் தெரிஞ்ச வார்த்தை தான், ஆனா இத ஏன் இப்ப சொல்றார்னு பிடிபடாது.

பஸ் ஸ்டாண்ட் கடையில தொங்குற பழமொழி புக்க வாங்கி வரிசையா மனப்பாடம் பண்றவங்க நிறைய பேர், பரீட்சையில மேட்ச் பண்ற கேள்விக்கு அது உதவும், மார்க் கிடைக்கும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. பேச்சுக்கு மட்டும் அது பத்தாது. ஒவ்வொரு பழமொழிக்கும் ஒரு இடம் இருக்கு, யாரு, யாருக்கு, என்ன நடந்த அப்புறம் சொல்றாங்கன்றது தான் அந்த இடம். நம்ம வீட்ல ஆயா "ஆழம் தெரியாம கால விடாத"ன்னு சொன்னப்போ நாம அர்த்தம் எழுதி வெச்சா கத்துக்கிட்டோம்? அண்ணன் யாருக்கோ ஜாமீன் கையெழுத்து போட கிளம்பினப்போ ஆயா அத சொல்லிச்சு, நாம பக்கத்துல உக்காந்திருந்தோம், மனசுல நின்னுடுச்சு. இங்கிலீஷ்க்கும் அதே வழில தான் போகணும், அந்த இடத்த நாமளே தேடிப் புடிக்கணும், அவ்ளோ தான் கூடுதல் வேலை.

முதல் வேலை: பழமொழியா, இடியமான்னு பிரிங்க

ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுல தான் பாதி சிக்கல் வருது. "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்"ன்றது இடியம், மழை கொட்டுதுன்னு அர்த்தம், வாக்கியத்துல ஒரு துண்டு, நம்ம வாக்கியத்துக்குள்ள வெச்சு நேத்து பெய்ஞ்சதுன்னா நேத்துக்கு ஏத்த மாதிரி, நாளைக்குன்னா நாளைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். "ரோம் வாஸ் நாட் பில்ட் இன் அ டே"ன்றது பழமொழி, முழு வாக்கியம், தனியா நிறுத்தி சொன்னாலும் நிக்கும், அதுல ஒரு புத்திமதியோ உலக நடப்போ இருக்கும். ஒரு பெரிய வேலை ஒரே நாள்ல முடியாது, அவசரப்படாதன்னு சொல்ற இடத்துல வரும்.

பழமொழில கைய வெக்காதீங்க. வாஸ்க்கு பதிலா இஸ் போடுறது, ரோம்க்கு பதிலா வேற ஊர் போடுறதெல்லாம் நல்லா பழகினவங்க விளையாட்டுக்கு பண்றது, புதுசா கத்துக்கிறவங்க அப்டி சொன்னா தப்பா சொல்லிட்டாங்கன்னு தான் கேக்குறவங்க நினைப்பாங்க. "பதறாத காரியம் சிதறாது"ன்றத யாராவது "பதறாத வேலை சிதறாது"ன்னு சொன்னா நமக்கே காதுல எப்டியோ கேக்குது பாருங்க. அதனால பழமொழிய முழுசா ஒரே மூச்சுல, அ, த, இதெல்லாம் எங்க வருதோ அங்கயே வெச்சு, வாய் விட்டு சொல்லி பழகுங்க.

அடுத்தது: அந்த ஊர் வானத்தையும் வயலையும் பாருங்க

இங்கிலீஷ் பழமொழில நிறைய குளிர் தேசத்து விவசாயி, தையல்காரம்மா, கொல்லன், குதிரை வெச்சிருந்தவங்க வாய்ல இருந்து வந்தது. அந்த படம் கண்ணுல தெரிஞ்சா அர்த்தம் தானா வந்துடும்.

"மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்" எடுத்துக்குங்க. ஹேன்னா புல்ல அறுத்து வெயில்ல பரப்பி காய வெச்சு சேத்து வெக்கிறது. இங்கிலாந்துல குளிர்காலத்துல மேய்ச்சல் நிலத்துல புல்லு சரியா வளராது, மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி வேணும்னா கோடையிலயே காய வெச்சு கட்டி வெச்சாகணும். காயறதுக்குள்ள மழை புடிச்சிடுச்சுன்னா பூஞ்சை வந்து எல்லாம் வீணாப் போயிடும், அங்க வெயில் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்லவே முடியாது, அதனால வெயில் தலை காட்டுச்சுன்னா வீட்ல இருக்கிற எல்லாரும் வயலுக்கு ஓடுவாங்க. ஜான் ஹேவுட்ன்றவர் 1546ல வெளியிட்ட பழமொழி தொகுப்புலயே இது இருக்கு. நம்ம ஊரு வெயிலூர், வெயில் எப்ப வரும்னு இங்க எவனும் பாத்துகினு இருக்கமாட்டான், இங்க களத்துல நெல்ல தூத்துறதுக்கு காத்து வரணும், அதான் நமக்கு "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்". அவங்களுக்கு கிடைக்க அரிதானது வெயில், களத்துல நிக்கிற நமக்கு காத்து. வாய்ப்பு இருக்கும்போதே வேலைய முடிச்சுக்கோன்றது ரெண்டுக்கும் பொது.

மழை விஷயத்துல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். "ரெய்னி டே"ன்னு அவங்க சொன்னா கஷ்ட காலம்னு அர்த்தம், "சேவ் ஃபார் அ ரெய்னி டே"ன்னா கஷ்டத்துக்கு உதவும்னு நாலு காசு சேத்து வை. "எவ்ரி க்ளவுட் ஹாஸ் அ சில்வர் லைனிங்"னா எந்த துன்பத்துலயும் ஓரத்துல ஒரு நல்லது இருக்கும், கருமேகத்துக்கு பின்னாடி சூரியன் இருக்கும்போது விளிம்பு மட்டும் வெள்ளியா மின்னுமே, அது. மேகம்னா அவங்களுக்கு சோகம். நமக்கோ அக்கினி நட்சத்திரத்துல ஒரு மேகம் வந்து நின்னா கைய எடுத்து கும்பிடுவோம், பாலாத்துல தண்ணி வந்துடுச்சுன்னா பாலத்து மேல வண்டிய நிறுத்திட்டு குடும்பத்தோட வேடிக்கை பாப்போம். நம்ம மனச வெச்சு அவங்க மழைய படிச்சா அர்த்தம் தலைகீழா போயிடும், இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா ஒரு கூட்டமே பழமொழி புரிய ஆரம்பிச்சிடும்.

ஊர் பேர் வர்றதுக்கும் இதே தான். "கேரியிங் கோல்ஸ் டு நியூகாஸில்"னா ஏற்கனவே குவிஞ்சு கிடக்கிற இடத்துக்கே அந்த பொருள கொண்டு போறது. நியூகாஸில் இங்கிலாந்தோட வடகிழக்குல நிலக்கரிக்கு பேர் போன ஊர், அந்த காலத்துல அங்கேர்ந்து தான் கப்பல் கப்பலா லண்டனுக்கு கரி போச்சு. நாம "கொல்லன் தெருவுல ஊசி விக்கிறது"ம்போம். இன்னும் பக்கத்துல வேணும்னா ஆம்பூருக்கு பிரியாணி பார்சல் வாங்கினு போறது, வந்தவாசிக்கு பாய் கொண்டு போறதுன்னு வெச்சுக்குங்க, உடனே மனசுல உக்காந்துடும்.

"வென் இன் ரோம், டூ ஆஸ் த ரோமன்ஸ் டூ"க்கு ஒரு பழைய கதை இருக்கு. நாலாம் நூற்றாண்டுல ரோம்ல கிறிஸ்தவங்க சனிக்கிழமை நோன்பு இருந்தாங்க, மிலான்ல இருக்கமாட்டாங்க. எது சரின்னு பின்னாடி பெரிய கிறிஸ்தவ அறிஞரா ஆன அகஸ்டின் கேக்க, மிலான் பிஷப் அம்ப்ரோஸ், நான் ரோமுக்கு போனா நோன்பு இருப்பேன், இங்க இருந்தா இருக்கமாட்டேன், நீயும் போற ஊர் வழக்கப்படி இருன்னு சொன்னாராம். சண்டை வராம இருக்க சொன்ன யோசனை. பெங்களூர்ல வேலைக்கு சேந்து புது ஆபீஸ் பழக்கத்த பாத்து முழிக்கிற பசங்களுக்கு சீனியர் யாராவது கட்டாயம் இத சொல்லுவாங்க.

மூணாவது: நம்ம ஊர் ஜோடிய கண்டுபுடிங்க

பொய்கை மாட்டுச் சந்தைக்கு செவ்வாய்க்கிழமை விடியக்காலையில போயிருக்கீங்களா? போயிருந்தா "டோண்ட் லுக் அ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்"த யாரும் உங்களுக்கு விளக்கவே வேணாம். மாடு வாங்க வந்தவர் முதல்ல மாட்ட சுத்தி வருவாரு, காம்பு பாப்பாரு, நடக்க விட்டு பாப்பாரு, அப்புறம் மூக்கணாங்கயித்த இழுத்து புடிச்சு கீழ் உதட்ட விரலால மடக்குவாரு. மாட்டுக்கு மேல் தாடையில முன் பல்லு கிடையாது, கீழ இருக்கிறத தான் பாக்கணும். பால் பல்லு விழுந்து பெரிய பல்லு ஜோடி ஜோடியா முளைக்கும், ரெண்டு பல்லுன்னா இளசு, நாலு, ஆறுன்னு ஏறி எட்டும் சேந்துடுச்சுன்னா முழுசா வளந்த மாடு, அதுக்கப்புறம் பல்லு தேயறத வெச்சு தான் வயசு சொல்லணும். விக்கிறவர் என்ன வயசு சொன்னாலும் பல்லு பொய் சொல்லாது. அதுக்கப்புறம் தான் தரகர் துண்ட போட்டு மூடி விரல புடிச்சு விலை பேசுறதெல்லாம்.

காசு கொடுத்து வாங்கும்போது இப்டி பாக்கணும், சரி தான். சும்மா கொடுத்த மாட்ட பல்லு புடிச்சு பாத்தா கொடுத்தவர் மனசு என்னாவும்? "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே"ன்னு நாம சொல்றது தான் அவங்க குதிரைய வெச்சு சொல்றாங்க. குதிரைக்கும் வயசு பல்லுல தான். இது எவ்ளோ பழசுன்னா கி.பி. 400ஐ ஒட்டி வாழ்ந்த ஜெரோம்ன்ற துறவி லத்தீன்ல எழுதும்போதே, ஊர்ல சொல்ற பழமொழின்னு தான் இத எடுத்துப் போட்டிருக்காரு. எங்கயோ இருந்த ஆளுங்களும் பொய்கை சந்தையில நிக்கிற நம்ம ஆளுங்களும் ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்கன்றது எனக்கு எப்ப நினைச்சாலும் சந்தோஷமா இருக்கும். சித்தப்பா அவர் பழைய ஃபோன உங்களுக்கு சும்மா கொடுக்கிறாரு, நீங்க பேட்டரி நிக்குமா, ஸ்க்ரீன்ல கீறல் இருக்கான்னு கேக்குறீங்க, அந்த இடம் தான் இந்த பழமொழியோட இடம்.

இது மாதிரி அப்டியே ஜோடி சேர்றது நிறைய இருக்கு, சுலபமானத முதல்ல முடிச்சிடலாம். "பார்க்கிங் டாக்ஸ் செல்டம் பைட்", குரைக்கிற நாய் கடிக்காது. "நோ ஸ்மோக் வித்அவுட் ஃபயர்", நெருப்பில்லாம புகையாது. "ஆஸ் யூ சோ, சோ ஷால் யூ ரீப்", வினை விதைத்தவன் வினை அறுப்பான். "ஃபெமிலியாரிட்டி ப்ரீட்ஸ் கன்டெம்ப்ட்", பழகப் பழக பாலும் புளிக்கும். "ப்ளட் இஸ் திக்கர் தன் வாட்டர்", தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். "ப்ராக்டிஸ் மேக்ஸ் பெர்ஃபெக்ட்", சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம். "த கிராஸ் இஸ் ஆல்வேஸ் க்ரீனர் ஆன் த அதர் சைட்", இக்கரைக்கு அக்கரை பச்சை. "சாரிட்டி பிகின்ஸ் அட் ஹோம்", தனக்கு மிஞ்சித் தான் தானமும் தருமமும். இதெல்லாம் ஒரு தடவ ஜோடியா எழுதி வெச்சா போதும், பெருசா உக்காந்து படிக்க வேண்டியதில்ல.

"அ ஸ்டிச் இன் டைம் சேவ்ஸ் நைன்" மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க, இது நிறைய பேருக்கு கடைசி வரைக்கும் புரியறதில்ல, ஒன்பது எங்கேர்ந்து வந்துச்சுன்னு குழம்புறாங்க. சட்டையில தையல் லேசா விட்டப்பவே ஒரு தையல் போட்டுட்டா அதோட முடிஞ்சிடும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா கிழிசல் ஓடி ஒன்பது தையல் போட வேண்டி வரும். தாமஸ் ஃபுல்லர் 1732ல போட்ட தொகுப்புலயே இருக்கு. மோட்டார்ல சத்தம் வரும்போதே மெக்கானிக்க கூப்டாம விட்டு, காயில் எரிஞ்சு ரீவைண்டிங் வரைக்கும் போன வீட்ல கேட்டுப் பாருங்க, ஒன்பது ஏன்னு அவங்களே சொல்லுவாங்க.

தலைகீழா புரிஞ்சுக்கிற பழமொழிங்க

இங்க தான் நேரம் செலவு பண்ணணும், ஏன்னா இதெல்லாம் புரியலன்னா கூட பரவால்ல, தப்பா புரியும். புரிஞ்சிடுச்சுன்னே நினைச்சுகினு இருப்போம்.

"நோ நியூஸ் இஸ் குட் நியூஸ்". வேலூர்ல ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் வெளிய மேற்கு வங்கத்துலேர்ந்தும் வடகிழக்குலேர்ந்தும் வந்த குடும்பங்க மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க, இங்கிலீஷ் தான் நடுவுல பாலம். அதுல பெரியவர் ஒருத்தர் பக்கத்துல இருக்கிறவங்க தோள தட்டி இத சொல்லுவாரு. வார்த்தைக்கு வார்த்தை படிச்சா "எந்த செய்தியும் நல்ல செய்தி இல்ல"ன்னு தோணிடும், அது பயமுறுத்துற மாதிரி ஆயிடும். அவர் சொல்றது நேர் எதிர்: உள்ளேர்ந்து தகவல் எதுவும் வரலன்னா கெட்டது ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம், தைரியமா இருங்க. ரிசப்ஷன்லயோ வார்டுலயோ வேலை பாக்கிற பசங்க இத மட்டுமாவது சரியா புரிஞ்சு வெச்சுக்கணும்.

"ஸ்பேர் த ராட் அண்ட் ஸ்பாயில் த சைல்ட்"ல அண்டுக்கு முன்னாடி ஒரு "பண்ணினா" இருக்கிறதா நினைச்சுக்கணும். பிரம்ப எடுக்காம விட்டா புள்ள கெட்டுப்போகும், அடியாத மாடு படியாதுன்ற மாதிரி. புள்ளைய அடிக்காதன்னு சொல்றதா படிச்சிடாதீங்க. அந்த காலத்து கருத்து, பள்ளிக்கூடத்துல அடிக்கக்கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு, அதனால இத புரிஞ்சுக்கிறது போதும், சொல்லிட்டு திரிய வேணாம்ன்றது என் அபிப்பிராயம்.

"இட்ஸ் அன் இல் விண்ட் தட் ப்ளோஸ் நோபடி எனி குட்". இதுல இல்லன்றது எங்க ஒட்டுதுன்னே தெரியாது. சாரம் இது தான்: எவ்ளோ கெட்ட காத்தா இருந்தாலும் யாராவது ஒருத்தருக்கு நல்லது பண்ணிட்டு தான் போகும். மே மாசம் வெயில்ல ஊரே சுருண்டு கிடக்கும், ரோட்டோரத்துல நுங்கு விக்கிறவருக்கும் மோர் விக்கிற அம்மாவுக்கும் அப்போ தான் நாலு காசு.

"க்யூரியாசிட்டி கில்ட் த கேட்"டுக்கு நம்ம கிட்ட நேர் ஜோடி இல்ல, தேவையில்லாததுல மூக்க நுழைச்சா ஆபத்துன்னு வெச்சுக்கலாம். இதுல சுவாரசியம் என்னன்னா 1598ல பென் ஜான்சன்ன்ற இங்கிலாந்துக்காரர் எழுதின நாடகத்துல இது "கேர்", அதாவது கவலை, பூனைய கொன்னுடும்னு தான் வருது, ஆர்வம்ன்றது பின்னாடி காலத்துல மாறி வந்தது. "அ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்"ல இன்னும் ஒரு படி மேல, அதுக்கு ரெண்டு அர்த்தமும் புழக்கத்துல இருக்கு. ஒரு இடத்துல நிலையா நிக்காதவன் எதையும் சேக்கமாட்டான்ன்றது பழைய அர்த்தம், ஓடிக்கிட்டே இருக்கிறவனுக்கு பாசி புடிக்காதுன்னு பாராட்டா சொல்றவங்களும் உண்டு. சொல்றவர் முகத்தையும் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்றதையும் பாத்து தான் முடிவு பண்ணணும். மூணு வருஷத்துல நாலு கம்பெனி மாறினவர பத்தி ஹெச்ஆர் சொன்னா அது பாராட்டு இல்ல.

பாதி சொல்லி விட்டுட்டா

பழக்கப்பட்டவங்க முழு பழமொழிய சொல்றதே அபூர்வம். "வென் இன் ரோம்..."னு இழுத்து நிறுத்திடுவாங்க. "டூ மெனி குக்ஸ்..."னு சொல்லி தலைய ஆட்டுவாங்க. "பேர்ட்ஸ் ஆஃப் அ ஃபெதர்...", "வென் த கேட்ஸ் அவே...", "எ பேர்ட் இன் த ஹேண்ட்...". மீதிய நாம நிரப்பிக்கணும். நாமளும் "ஆனைக்கு ஒரு காலம் வந்தா..."ன்னு விட்டுடுறோம்ல, பூனைய யாரும் சொல்றதில்ல. அதனால பழமொழிய படிக்கும்போது முதல் மூணு வார்த்தைய தனியா கோடு போட்டு படிங்க, அத கேட்ட உடனே மீதி மண்டையில ஓடணும். வரிசையா மீதி இதோ: ரோம்ல ரோம்காரன் மாதிரி இரு, சமையல்காரர் அதிகமானா சூப்பு கெட்டுடும், ஒரே இறகு உள்ள பறவைங்க ஒண்ணா பறக்கும், பூனை இல்லன்னா எலி ஆட்டம் போடும், கையில இருக்கிற ஒரு பறவை புதர்ல இருக்கிற ரெண்டுக்கு சமம்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, மெர்ச்சண்டைசிங்ல புதுசா சேந்த தம்பி, வெளிநாட்டு பையர்கிட்டேர்ந்து மெயில்னு வெச்சுக்குங்க. சாம்பிள் லேட்டா போயிருக்கு. பையர் எழுதுறாரு: சாம்பிள் வந்துடுச்சு, பெட்டர் லேட் தன் நெவர், ஃபினிஷிங் நல்லாருக்கு, பட் லெட்ஸ் நாட் கவுண்ட் அவர் சிக்கன்ஸ். அதோட நிறுத்திட்டாரு.

"அண்ணே, கோழிய பத்தி எழுதிகீறாரு, இன்னாண்ணே இது?"

"கோழி இல்ல தம்பி. முட்டை பொரிக்கிறதுக்கு முன்னாடியே குஞ்ச எண்ணாதன்றது முழு பழமொழி. ஆர்டர் இன்னும் கன்ஃபர்ம் ஆவல, அதுக்குள்ள லெதருக்கு அட்வான்ஸ் கட்டிடாதீங்கன்றாரு."

"முதல்ல பெட்டர்னு போட்டுகீறாரே, நல்லா தானே சொல்லிகீறாரு?"

"வராம போறதுக்கு லேட்டா வந்ததே தேவலைன்றாரு. லேட்டானத கவனிச்சுட்டாருபா, மரியாதையா குத்திகீறாரு. பதில்ல முதல் வரியிலயே சாரி சொல்லிட்டு, அடுத்த சாம்பிள் எந்த தேதிக்கு வரும்னு எழுது."

அந்த தம்பி டிக்‌ஷனரி பாத்திருந்தா கோழின்னு தான் வந்திருக்கும். "வீல் க்ராஸ் தட் பிரிட்ஜ் வென் வீ கம் டு இட்"னும் இந்த மாதிரி மெயில்ல அடிக்கடி வரும், அந்த பிரச்சனை வரும்போது பாத்துக்கலாம், இப்பவே அத பத்தி பேச வேணாம்னு அர்த்தம். "யூ கெட் வாட் யூ பே ஃபார்"னு வந்தா காசுக்கேத்த தோசை. ரேட்ட குறைக்க சொல்லி கேக்கும்போது சப்ளையர் பக்கத்துலேர்ந்து தான் பெரும்பாலும் இது வரும்.

யாருக்கு சொல்லலாம், யாருக்கு கூடாது

புரிஞ்சுக்கிறது வேற, நாமளே எடுத்து சொல்றது வேற. நம்ம ஊர்ல பெரியவங்க சின்னவங்களுக்கு பழமொழி சொல்லுவாங்க, பதிலுக்கு சின்னவங்க சொன்னா வாய் நீளம்னு பேர் வந்துடும். இங்கிலீஷ்ல பேசும்போதும் ஆபீஸ்ல எதிர்ல இருக்கிறவர் நம்ம ஊர் பெரியவராவே இருக்கலாம், அதனால அந்த கணக்கு விட்டுப் போகாது. "யூ காண்ட் டீச் அன் ஓல்ட் டாக் நியூ ட்ரிக்ஸ்", வயசான நாய்க்கு புது வித்தை கத்துக்கொடுக்க முடியாது, இத கம்ப்யூட்டர் தடுமாறுற சீனியர் சார பாத்து சொன்னீங்கன்னா அவர் அர்த்தத்த விட்டுட்டு நாய மட்டும் தான் புடிச்சுக்குவாரு. "பெக்கர்ஸ் காண்ட் பீ சூசர்ஸ்", அதாவது பிச்சை கேக்கிறவன் இது தான் வேணும்னு கேக்க முடியாது, "எம்டி வெசல்ஸ் மேக் த மோஸ்ட் நாய்ஸ்", அதாவது காலி பாத்திரம் தான் அதிகமா சத்தம் போடும், இதெல்லாம் யாரையும் நேருக்கு நேர் பாத்து சொல்லவே கூடாது. துக்க வீட்ல, ஆஸ்பத்திரி வராண்டால சில்வர் லைனிங் பேச்செல்லாம் வேணாம், அங்க பக்கத்துல உக்காந்தா போதும்.

தைரியமா சொல்லக்கூடியது நம்மள பத்தி நாமளே சொல்றது. வேலை லேட்டாகும்போது "ரோம் வாஸ் நாட் பில்ட் இன் அ டே"ன்னு உங்க டீமுக்கு சொல்லலாம், உங்க கிட்ட வேலை கேட்ட மேனேஜருக்கு சொல்லக்கூடாது. இன்டர்வியூல ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்க அனுபவத்துல நடந்தத சொல்லிட்டு கடைசியில. பேச்ச ஆரம்பிக்கும்போதே பழமொழி வந்தா மனப்பாடம் பண்ணிட்டு வந்தது தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, பழமொழிங்க ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கும், அத பாத்து பயப்படாதீங்க. "மெனி ஹேண்ட்ஸ் மேக் லைட் வொர்க்"னு ஒண்ணு, நிறைய பேர் சேந்தா வேலை சுலபம். "டூ மெனி குக்ஸ் ஸ்பாயில் த ப்ராத்"னு இன்னொண்ணு. "லுக் பிஃபோர் யூ லீப்", "ஹீ ஹூ ஹெசிடேட்ஸ் இஸ் லாஸ்ட்", பாத்து குதின்னு ஒண்ணு, தயங்கினவன் தொலைஞ்சான்னு ஒண்ணு. ரெண்டும் சரி தான், இடம் வேற. கல்யாண வீட்ல வெங்காயம் உரிக்க எத்தன கை வந்தாலும் பத்தாது, பிரியாணி அண்டாவுக்கு உப்பு போட மாஸ்டர் ஒருத்தர் தான், ரெண்டாவது ஆள் கைய வெச்சா அவ்ளோ தான். இத ஜோடியா படிச்சா எது எங்கன்றது சீக்கிரம் பிடிபடும், தனித்தனியா படிச்சா குழம்பும்.

தினமும் என்ன பண்ணணும்

வாரத்துக்கு மூணு போதும், அதுக்கு மேல எடுக்காதீங்க. ஒரு சின்ன நோட்டுல ஒரு பக்கத்துக்கு ஒண்ணு எழுதுங்க. மேல பழமொழி, அதுக்கு கீழ அந்த படம் ரெண்டு வரில, அதுக்கும் கீழ தமிழ் ஜோடி இருந்தா போடுங்க, இல்லன்னா காலியா விடுங்க, வலுக்கட்டாயமா ஒண்ண தேடி ஒட்டாதீங்க. மீதி பக்கம் பூரா காலி. அந்த வாரம் பூரா காட்பாடி பாகாயம் பஸ்ல போகும்போது, கேன்டீன்ல, நேதாஜி மார்க்கெட்ல காய் வாங்கும்போது, வீட்ல தம்பிய திட்டும்போது, எங்கயாவது அந்த பழமொழிக்கு பொருந்துற ஒரு சம்பவம் நடக்கும், கண்டிப்பா நடக்கும். நடந்த உடனே அன்னிக்கு ராத்திரி அத அந்த பக்கத்துல எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுத வரலன்னா தமிழ்லயே எழுதுங்க. ஒரு சம்பவம் விழுந்துட்ட பழமொழிய நீங்க மறக்கவே மாட்டீங்க. ஒரு மாசம் ஆகியும் சம்பவமே விழாத பக்கம் இருந்தா அந்த பழமொழி உங்க வாழ்க்கைக்கு இப்ப தேவைப்படலன்னு தள்ளி வெச்சிடுங்க.

சொல்லி பழக ஒரு ஆள் வேணும். ஹாஸ்டல் ஃப்ரெண்டோ, கூட வேலை பாக்கிறவங்களோ, ஒருத்தர் சம்பவத்த தமிழ்ல சொல்லணும், இன்னொருத்தர் எந்த பழமொழின்னு சொல்லணும். மளிகை கடை அண்ணாச்சி சின்ன பாக்கிய கேக்காம விட்டு அது பெருசான கதைய சொன்னா ஸ்டிச் இன் டைம் வரணும். பழமொழிய சொல்லி அர்த்தம் கேக்கிறத விட இந்த பக்கம் தான் வேலை செய்யும், ஏன்னா நிஜ பேச்சுல சம்பவம் தான் முதல்ல வரும், பழமொழி அப்புறம் தான்.

ஓரளவு பழகினதுக்கு அப்புறம் எதிர்பக்கத்துலேர்ந்தும் வாங்க, நமக்கு தெரிஞ்ச தமிழ் பழமொழிய எடுத்து இங்கிலீஷ்ல எப்டி விளக்குறதுன்னு பாருங்க. பீட்டர் பெர்சிவல்ன்ற ஆங்கிலேயர் ஆறாயிரத்துக்கும் மேல தமிழ் பழமொழிங்கள இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட சேத்து 1874ல புக்கா போட்டிருக்காரு, பழைய புக்குன்றதால இன்டர்நெட்ல இலவசமாவே படிக்கலாம். இங்கிலீஷ் கொஞ்சம் பழைய பாணியில இருக்கும், ஆனா நம்ம ஆயா சொன்னத ஒரு வெளியூர்க்காரர் எப்டி புரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்காருன்னு பாக்கும்போது, அவங்க பழமொழிய நாம எப்டி புரிஞ்சுக்கணும்ன்றதுக்கும் நல்ல பயிற்சி. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல வேணாம், அதுல உங்க வீட்ல இன்னும் சொல்ற பழமொழி எது எதுன்னு பென்சில்ல டிக் அடிக்க ஒரு தாள் பக்கத்துல வெச்சுக்குங்க, வீட்ல பெரியவங்க இருந்தா அவங்கள கூட உக்கார வெச்சு படிங்க, புக்குல இல்லாதது நாலு அவங்க வாய்லேர்ந்து வரும், அதையும் எழுதிக்கலாம்.